கல்யாணத்துக்குக் கிளம்பிய கன்னட ஆடு

எங்கள் வீட்டு மாடி அறையில் சாயங்காலமானால் நான்கு மொழிகளில் வாசிப்பு நடக்கிறது. ஒருவருக்கும் வேகமாக வாசிக்க வராது. என் மகளுக்கு ஜெர்மன். பூனையைத் தொலைத்துவிட்ட ஒரு தபால்காரரின் கதையில் பாதி தாண்டிவிட்டாள். துணிக்கடை அக்கா மகளைப் பாலக்காட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறார். சம்பந்தி வீட்டில் திருதிருவென்று விழிக்கக் கூடாது என்று மலையாள வாரப் பத்திரிகையின் சமையல் பக்கத்தை வாசிக்கிறார். லாட்ஜ் மேனேஜர் கையில் இரண்டாம் வகுப்பு இந்திப் பாடப் புத்தகம். நான் கன்னடம். என் கடையில் மிளகும் காப்பித்தூளும் வாங்குகிறவர்களில் பாதிப் பேர் எங்கள் மலையைச் சுற்றிப்பார்க்க வரும் பெங்களூர்க்காரர்கள்.

இதெல்லாம் ஒரு விபத்தில் ஆரம்பித்தது. போன மழைக்காலத்தில், சேலத்தில் ஜெர்மன் வகுப்பு முடிந்து ஸ்கூட்டரில் மலையேறி வந்த மகள் ஒரு கொண்டை ஊசி வளைவில் சறுக்கி விழுந்தாள். கால் எலும்பு முறிந்தது. நர்சிங் படித்தவள், ஜெர்மனியில் வேலைக்குப் போகவேண்டும் என்று இருந்தவள். மாவுக்கட்டோடு படுத்தபடி உரக்க வாசித்துக்கொண்டிருப்பாள். ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு, மறுபடி வரும்போது தங்கள் புத்தகத்தோடு வந்தார்கள்.

"அக்கா, நீங்க அந்த மீன் கொழம்ப வாசிச்சு முடிக்கறதுக்குள்ள மீனு கெட்டுப் போயிருமுங்க" என்பார் மேனேஜர்.

"நீங்க மொதல்ல ரெண்டாங்கிளாஸ் பாஸ் பண்ணுங்க. அப்பறம் எம்மீனப் பத்திப் பேசலாம்" என்பார் அக்கா.

நான் வாசித்தது ஓர் ஆட்டின் கதை. யாருக்கோ வந்த கல்யாணப் பத்திரிகையைத் தின்றுவிட்ட ஆடு, அழைப்பு தனக்குத்தான் என்று நினைத்துக் கல்யாணத்துக்குக் கிளம்பிவிடுகிறது.

கால் சரியானது. மகள் நடந்தாள், படியேறினாள். "சனிக்கெழம கிளாசுக்குப் போறனுங்கப்பா" என்றாள். எனக்கு அந்த வளைவுதான் கண்முன் வந்தது.

"போன்லயே படிச்சுக்கலாமில்ல கண்ணு?"

"பேச்சுப் பரிச்சைக்கு நேர்ல பழகோணுமுங்க. ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ல போறன்."

"பஸ்ஸும் அதே வளைவுலதான போகுது?"

அவள் தபால்காரர் கதையைத் திறந்தாள், ஆனால் பக்கம் புரளவில்லை. நானும் கூட வருகிறேன் என்றேன். அந்த விபத்துக்குப் பிறகு நான் மலையை விட்டு இறங்கியதே இல்லை. கடைச் சரக்கைக்கூட ஆள் வைத்துத்தான் வரவழைத்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். முன் கம்பியை இறுகப் பிடித்திருந்தேன். அவள் பையிலிருந்து என் கன்னடப் புத்தகத்தை எடுத்து மடியில் வைத்தாள்.

"படிங்கப்பா."

"ஏனுங்க, மலை எறங்கும்போது புஸ்தகமெல்லாம் படிக்காதீங்க. நொம்பக் கொமட்டும்" என்றார் முன் சீட்டு அம்மா. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தவர், எனக்கும் ஒன்று கொடுத்தார்.

ஒரு கையில் எலுமிச்சை, மறு கையில் புத்தகம். ஆடு மண்டபத்து வாசலுக்கு வந்துவிட்டது. வாசலில் பன்னீர் தெளிக்கிறவர்கள் அதை மேலும் கீழும் பார்க்கிறார்கள். தமிழ் என்றால் கண் வரியில் ஓடும், மனம் வளைவுக்குப் போய்விடும். கன்னடத்தில் அந்த வசதி இல்லை. ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி, சொல்லாக்கி, அந்தச் சொல்லை முந்திய சொல்லோடு சேர்த்துவைக்க முழு மனமும் வேண்டியிருந்தது. பயப்பட எனக்கு நேரமில்லை. ஆட்டை உள்ளே விடுவார்களா, மாட்டார்களா? கல்யாணப் பெண்ணே எழுந்து வந்து, "இவரும் பெண் வீட்டுக்காரர்தான்" என்றபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன்.

நிமிர்ந்தேன். அடிவாரம். பஸ் சமவெளியில் ஓடிக்கொண்டிருந்தது.

"அந்த வளைவு?"

"எப்பவோ போயிருச்சுங்கப்பா. நான் பாத்தன். சுவத்து மேல ரெண்டு கொரங்கு உக்காந்து கடலை தின்னுட்டிருந்துச்சுங்க. அவ்ளோதான்."

முன் சீட்டு அம்மா திரும்பி, "கொமட்டலீங்களா?" என்றார். "ஆட்டுக்கு எலை போட்டுட்டாங்கம்மா" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு எலுமிச்சையைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மகள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். அவள் அப்படிச் சிரித்து வெகுநாளாகியிருந்தது.

அடுத்த சனிக்கிழமை அவள் தனியாகவே போனாள். பஸ் ஸ்டாண்டு வரை போனேன். பார்த்துப் போ, போன் போடு, ஜன்னலோரம் உட்காராதே என்று சொல்ல ஒரு பட்டியலே வைத்திருந்தேன். பயம் இன்னும் இருக்கத்தான் செய்தது. பட்டியலை அப்படியே விட்டுவிட்டு, "தபால்காரருக்குப் பூனை கெடச்சுதா கண்ணு?" என்று கேட்டேன்.

"இன்னும் இல்லீங்கப்பா. அடிவாரம் போறதுக்குள்ள கண்டுபுடிச்சர்றன்" என்றாள், ஜன்னலோரத்தில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறந்தபடி.