பெரியம்மா கேட்ட கம்பி

தலவாக்கலைச் சந்தையில் இன்று செப்புக் கம்பிச் சுருள் ஒன்றைப் பார்த்ததும், இடித்துத் தள்ளப்பட்ட எங்கள் லயம், தேயிலைத் தோட்டத்து வரிசை வீடு, கண்முன் வந்தது. அதன் தகரக் கூரையிலிருந்து சவுக்கு மரம் வரை ரேடியோவுக்காக நான் இழுத்துக் கட்டிய கம்பியில் பெரியம்மா ஈரத்துணி போடுவார். உடனே சிற்றலையில் விமானிகளின் குரல் இரைச்சலில் மூழ்கிவிடும்.

“ஆகாயத்துல பேசுறாங்கன்னா ஆளக் காட்டு புள்ள. இல்லேன்னா கம்பி எனக்கு,” என்றார் ஒரு ஞாயிறு காலையில்.

சற்று நேரத்தில் இரைச்சலையும் மீறி ஒரு விமானி, கொழும்பை நெருங்குவதாக ஆங்கிலத்தில் சொன்னார். பெரியம்மாவை வாசலுக்கு இழுத்து வந்தேன். லயமே அண்ணாந்து பார்க்க, தேயிலை மலைக்கு மேலே வெள்ளைக் கோடு ஒன்று நீண்டது.

“இவன்தானா இவ்வளவு நேரமா கத்துனது?” என்ற பெரியம்மா, தன் சேலையைத் தானே கம்பியிலிருந்து உருவினார். துணியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரியையும் திருப்பி அனுப்பினார்: “அந்தப் பக்கம் போடு. பிளேன்காரன் பேசணும்.”