லாரி கழுவுகிற தண்ணீரில் குளித்த கபடிக்காரன்

செங்கல்பட்டு ரோட்டோரத்தில், ஒரு புளியமரத்தடியில் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தவன் நான். அந்த மரத்தடியைக் கடையாக்கினேன். கடைக்குப் பக்கத்திலேயே லாரி கழுவுகிற வாட்டர் சர்வீஸ் போட்டேன். தண்ணீரில் காசு பார்க்கப் போகிறானாம் என்று சிரித்தவர்கள்தான் பிறகு என் வாசலில் வண்டியை வரிசையாக நிறுத்தினார்கள். சொந்த லாரி வாங்கினேன். கையெழுத்துப் போடுகிற அளவுக்குத்தான் எனக்குப் படிப்பு. என் மகள் இன்ஜினியர். இதெல்லாம் போக, ஒரு கபடி அணியையும் உண்டாக்கினேன். ஏரி வண்டலை என் லாரியிலேயே அடித்து, மரத்தூள் கலந்து, விழுந்தால் தோல் உரியாத மைதானம் போட்டேன். அந்த மைதானத்தில் ஒரு பெரிய ஆட்டக்காரனை உருவாக்கினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அவனை முதலில் பார்த்தேன். கல்பாக்கம் பக்கம் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, புதுப்பட்டினத்தை அடுத்த குப்பத்தில், கடற்கரை மணலில் ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. மூச்சை அடக்கிக் கபடி பாடிக்கொண்டு எதிரணிக்குள் போனான் ஒருவன். நாலு பேர் பாய்ந்தார்கள். நாலு பேரையும் இழுத்துக்கொண்டே கோட்டுக்கு வந்துவிட்டான். வலை இழுத்த தோள், மணலில் ஓடிய கால். இந்தக் கால் கெட்டித் தரையில் என்ன செய்யும் என்று நான் அங்கேயே கணக்குப் போட்டுவிட்டேன்.

"செங்கல்பட்டுக்கு ஆட வர்றியா?"

"இன்னாத்துக்கு அண்ணாத்த? இங்க மீனு கீது. அங்க இன்னா கீது?"

"மேட்ச் கீது. நல்லா ஆடுனா கவுர்மென்ட்டு வேலையும் கீது."

வேலை என்றதும், பக்கத்தில் மீன் கூடையோடு நின்ற அவன் அம்மா திரும்பிப் பார்த்தார். புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவர். "கடலுக்குப் போகாத வேலையா நைனா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி எதற்கு என்று எனக்குப் பிறகு தெரிந்தது. அவர் வீட்டுக்காரர் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்.

இரண்டு மூன்று வருஷம் என் மைதானத்தில் ஆடினான். அப்புறம் ஒரு அரசுத் துறை, தன் கபடி அணிக்கு ஆள் எடுக்க செங்கல்பட்டிலேயே தேர்வு வைத்தது. தேர்ந்தால் வேலை நிச்சயம். அவனுக்கு வயது வரம்பு முடிகிற நேரம். இதை விட்டால் திரும்பவும் கட்டுமரம்தான்.

அன்றைக்குச் சனிக்கிழமை. அம்மாவும் பையனும் முதல் பஸ்ஸிலேயே வந்து இறங்கினார்கள். ஆடுமுன் நடுவர் ஒவ்வொருவராக நகம் பார்த்து, கையைத் தடவிப் பார்த்தார். உடம்பில் எண்ணெய் இருந்தால் பிடிக்க வருகிறவன் கை வழுக்கும், அதனால் ஆடவிட மாட்டார்கள். இவன் முழங்கையைத் தொட்டவர் விரலை முகர்ந்தார்.

"இன்னாபா இது, நல்லெண்ணையா?"

"சனிக்கெழம சார். அம்மா தேச்சு வுட்டாங்க."

நல்ல காரியத்துக்குப் போகிற பிள்ளைக்கு, உடம்பு குளிரட்டும் என்று விடியுமுன்பே உச்சி முதல் பாதம் வரை தேய்த்து, சீயக்காய் போட்டுக் குளிப்பாட்டி அனுப்பியிருக்கிறார். ஊறின எண்ணெய், வெயில் ஏற ஏற வேர்வையோடு வெளியே வந்துகொண்டிருந்தது. துண்டால் துடைத்தோம், மறுபடி மினுங்கியது. மண்ணைப் பூசினோம், அதுவும் கூடாது என்றார் நடுவர்.

"சாப்பாட்டுக்கு வுடுறதுக்குள்ள சுத்தமா வந்தா ஆடலாம். இல்லாங்காட்டி அடுத்த ஆளு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அந்த அம்மா டிபன் கேரியரை மடியில் வைத்தபடி அப்படியே உட்கார்ந்துவிட்டார். "நானே எம்புள்ள வேலைய வழுக்கி வுட்டுட்டனே" என்றார். கூட வந்தவர்கள் ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள். நான் யோசனை சொல்லவில்லை. அவனைத் தூக்கி என் மொபெட்டில் உட்கார வைத்தேன்.

வாட்டர் சர்வீஸில் என் வேலையாள் ஹோஸைக் கையில் வைத்துக்கொண்டு, "வண்டி எங்க அண்ணாத்த?" என்றான்.

"இவன்தான்டா வண்டி. கிரீஸ் போக அடி. பிரஷரைக் கொறச்சுக்கோ."

லாரி அடிப்பாகத்துக்குப் போடுகிற சோப்புத் தண்ணீரை ஊற்றி, தேங்காய் நாரால் நானே தேய்த்தேன். "தோலு போவுது அண்ணாத்த" என்று கத்தினான். "தோலு வளரும், வேலை வளராது, நில்லுடா" என்றேன். மூன்றாம் முறை அலசியபோது தண்ணீர் மேலே முத்து முத்தாக நிற்காமல் வழிந்து ஓடியது. லாரி பானட் சுத்தமானால் தண்ணீர் அப்படித்தான் ஓடும். போதும் என்று நிறுத்தினேன். மொபெட்டில் போகிற காற்றிலேயே காய்ந்துவிட்டான்.

நடுவர் மறுபடி தடவினார், மறுபடி முகர்ந்தார். "இன்னாய்யா, லாரி ஷெட்டு வாசன வருது?"

"வாசனைக்கு ரூல் இருக்கா சார்?" என்றேன்.

அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. போ என்று கை காட்டினார்.

சிவந்த உடம்போடு பாடிப் போனான். முதல் முறையே இரண்டு பேரைத் தொட்டுவிட்டு வந்தான். சாயங்காலம் தேர்ந்தவர்களை வாசித்தபோது அவன் பேரும் வந்தது. அந்த அம்மா அப்போதுதான் டிபன் கேரியரைத் திறந்தார். காலையிலிருந்து யாரும் சாப்பிடவில்லை. மீன்குழம்புச் சோற்றை ஆளுக்கொரு உருண்டை கையில் வைத்தார். என் வாட்டர் சர்வீஸ் திறந்த நாளில்கூட எனக்கு மனசு அவ்வளவு லேசாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை இந்தப் பக்கம் எல்லோரும் அறிவார்கள். அந்தத் துறை அணிக்கு ஆடினான், கேப்டன் ஆனான், ஊர் ஊராகக் கோப்பை தூக்கினான். முழங்கால் போனபிறகு அதே அணிக்குக் கோச் ஆனான். குப்பத்தில் அம்மாவுக்கு மாடி வீடு கட்டினான். அந்த வீட்டிலிருந்து யாரும் மறுபடி கடலுக்குப் போகவில்லை.

அவன் ஆட்டத்தை நிறுத்தியதற்கு, இரண்டாயிரத்துக்குப் பிறகு, என் மைதானத்திலேயே விழாக் கமிட்டிக்காரர்கள் பாராட்டு விழா வைத்தார்கள். மாமல்லபுரத்தில் செதுக்கிய கல் ஒன்றும் நட்டார்கள். அதில் பள்ளிக்கூட டிரில் மாஸ்டர் பேர் இருக்கிறது, துறை அணியின் பழைய கோச் பேர் இருக்கிறது, மாலை போட வந்த அதிகாரி பேரும் இருக்கிறது. என் பேர் இல்லை. கேட்டால், "கல்லுல எடம் இல்ல அண்ணாத்த" என்கிறார்கள்.

நான் போய்ப் பார்த்தேன். அடியில் ஒரு சாண் இடம் சும்மா கிடக்கிறது. உளியும் ஆளும் நான் கொண்டுவருகிறேன். கமிட்டிக்காரர்களே, பெரிதாக ஒன்றும் வேண்டாம். மைதானம் போட்டவர், எண்ணெய் கழுவி ஆடவைத்தவர் என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் என் பேரைப் போடுங்கள்.