முதல் சங்கு

அந்தத் தெருவில் தொட்டிலக்கா என்று சொன்னால்தான் தெரியும். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் அவள் புருஷனே கொஞ்சம் யோசித்துத்தான் பதில் சொல்வார். தெருக்கோடியில் இருக்கிற துணிக் கம்பெனிக்குப் போகும் பெண்கள், காலையில் கைக்குழந்தைகளை இவளிடம் விட்டுவிட்டுப் போய், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்வார்கள். முன்னறையில் ஐந்து தொட்டில். தரையில் பாய், நடக்கத் தெரிந்தவர்கள் விழுந்து புரள. பின்னறையில் புருஷன். அவர் அதே கம்பெனிக்கு இரவுக் காவலாளி. இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்குவார்.

கம்பெனியில் காலை வேளையில் இரண்டு முறை சங்கு ஊதும். முதல் சங்கு, கிளம்பு என்று. இரண்டாவது சங்குக்கு வாசலைத் தாண்டி உள்ளே போயிருக்க வேண்டும், இல்லாவிட்டால் அரை நாள் கூலி போயிற்று. முதல் சங்கு ஊதியதும் ஐந்து தொட்டிலும் ஒன்றாக அலறும். அதிலும் முந்திக்கொண்டு அலறுவது சுண்டெலி. பட்டன் தைக்கிறவளின் மகள், எட்டு மாதம். கையளவே இருந்ததால் தொட்டிலக்கா வைத்த பெயர் அது. ஆள் சின்னவளானாலும் குரல் பெரிது. தொட்டிலக்கா எந்த மூலையிலிருந்து சொடக்குப் போட்டாலும் சட்டென்று அந்தப் பக்கம் திரும்பி, இல்லாத பல்லைக் காட்டிச் சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்காகவே நாளுக்குப் பத்து முறை சொடக்குப் போடுவாள் தொட்டிலக்கா.

இந்த வீட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. தடுப்பூசி அட்டையைக் காட்டாமல் எந்தப் பிள்ளையும் வாசல்படி ஏற முடியாது. முன்பு ஒரு வருஷம், ஒரு பிள்ளைக்கு வந்த கக்குவான் இருமல் அத்தனை தொட்டிலையும் சுற்றி வந்தது. பிள்ளைகள் மூச்சு விட முடியாமல் நீலம் பாரித்ததைப் பார்த்தவள் அவள். அன்று போட்ட சட்டம். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்ப்பாள்.

"நீங்க என்ன போலீஸாக்கா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"போலீஸ்காரன்கிட்டயாவது கெஞ்சினா விடுவான். எங்கிட்ட அதுவும் நடக்காது" என்றாள் தொட்டிலக்கா.

இத்தனை கறாரான மனுஷி ஒரே ஒரு பிள்ளைக்கு மட்டும் அட்டை கேட்கவில்லை. அவள் தங்கை மகன், மூன்று வயது. பாயில் ஜன்னலோரம் தனக்கென்று இடம் பிடித்துக்கொண்டு எல்லோரையும் அதட்டுவதால் அவனுக்குத் துரை என்று பெயர். தங்கையும் அதே கம்பெனியில் காலர் தைக்கிறவள். கூடப்பிறந்தவளிடம் போய் 'அட்டை எங்கே' என்று நிற்பார்களா? அவளைப் பற்றி நமக்குத் தெரியாதா? தெரியவில்லை. வம்பு அங்கேதான் பிறந்தது.

ஒரு நாள் துரைக்குச் சளி பிடித்தது. மூக்கு ஒழுகியது, கண் சிவந்திருந்தது, உடம்பு கொஞ்சம் சுட்டது. பிள்ளைகள் இருக்கிற வீட்டில் யாருக்காவது மூக்கு ஒழுகிக்கொண்டேதான் இருக்கும் என்று அவளும் விட்டுவிட்டாள். அவனும் சும்மா இருக்காமல் சுண்டெலியின் தொட்டிலுக்குள் தலையை விட்டு, இருமிக்கொண்டே அவளைச் சிரிக்க வைத்தான். நாலாவது நாள் மத்தியானம் சட்டையைக் கழற்றியபோதுதான் தொட்டிலக்கா பார்த்தாள். காதுக்குப் பின்னால் தொடங்கி, கழுத்தில் இறங்கி, மார்பு வரைக்கும் சிவப்புத் திட்டுகள்.

சாப்பாட்டு மணிக்குத் தங்கை வந்தாள். வந்தவள் பார்த்துவிட்டு, "வேர்க்குருவா இருக்கும்க்கா" என்றாள்.

"வேர்க்குரு காதுக்குப் பின்னாலயா ஆரம்பிக்கும்? தட்டம்மை ஊசி போட்டியா, இல்லையாடி?"

தங்கை தரையைப் பார்த்தாள். "முதல் ஊசி போட்டப்பவே தொடை வீங்கி ரெண்டு நாள் ஜுரம். லீவு போட்டு உக்காந்திருந்தேன். அவரும், நல்லா இருக்கிற பிள்ளைய ஏன் குத்தி அழ வைக்கிறேன்னு கத்தினார். அப்புறம் நாளைக்குப் போடலாம், நாளைக்குப் போடலாம்னு..."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே!"

"நீ கேக்கவே இல்லையேக்கா."

ஊரையே மிரட்டுகிற தொட்டிலக்கா குனிந்து துரைக்குச் சட்டையை மாட்டிவிட்டாள்.

"யார்கிட்டயும் சொல்லிடாத" என்று தங்கை கையைப் பிடித்துக்கொண்டாள். "பட்டன்காரி எனக்குப் பக்கத்து மெஷின். தினமும் அவ முகத்துல முழிக்கணும். நான் இவனை வீட்டோட வச்சுக்கறேன். ரெண்டு நாள்ல தானா அடங்கிடும்." பையனைத் துண்டால் மூடித் தூக்கிக்கொண்டு பின்வாசல் வழியாகப் போய்விட்டாள்.

தொட்டிலக்கா ஐந்து தொட்டிலையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். நாலு பேருக்கு அந்த ஊசி போட்டாயிற்று. சுண்டெலிக்குப் போடவில்லை, ஒன்பது மாதம் முடிந்த பிறகுதான் போடுவார்கள். அதுவரைக்கும் அவளுக்குக் காவல், சுற்றியிருக்கிற பிள்ளைகள் போட்டுக்கொண்ட ஊசிதான். அந்தக் காவலில் இருந்த ஓட்டை, தன் சொந்த ரத்தம்.

சாயங்காலம் பட்டன்காரி மூச்சு வாங்க ஓடி வந்தாள். அவளுக்கு எப்போதும் பஸ் அவசரம். "படுத்தினாளாக்கா?" என்று கேட்டுக்கொண்டே பிள்ளையை அள்ளினாள்.

தொட்டிலக்கா வாயைத் திறந்தாள். தான் ஆடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள், ஆடிவிட்டது. "சமத்தா இருந்தா. பஸ்ஸைப் பிடி, போ" என்றாள். ஒரு வார்த்தை சொல்ல எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அந்தப் பஸ் போனால் அடுத்த பஸ் வராதா? இதெல்லாம் அவள் பட்டன்காரி தெருமுனை திரும்பிய பிறகு தன்னையே கேட்டுக்கொண்டவை. கேட்டாளே தவிர, பின்னால் ஓடவில்லை.

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த புருஷனிடம் சொன்னாள். அவர் காதிலிருந்து பஞ்சை எடுத்துவிட்டு முழுவதையும் கேட்டார். "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க முடியுமா? காலையில முதல் வேலையா சொல்லிடு" என்றார். அவளுக்கும் அதற்குமேல் பொறுக்காது. ஆனால் அந்த இரவு முழுவதும் பிள்ளை உடம்புக்குள் என்ன நடக்கிறதோ என்ற நினைப்பு அவளைப் பிடுங்கித் தின்றது.

காலையில் பட்டன்காரி படியேறும்போதே தொட்டிலக்கா அவளை நிறுத்திச் சொன்னாள். தங்கையின் பெயரையும் மறைக்கவில்லை.

"எப்ப தெரியும்?"

"நேத்து மத்தியானமே தெரியும்."

பட்டன்காரி அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிள்ளையை இறுக்கிக்கொண்டு சுகாதார நிலையத்துக்கு நடந்தாள். அப்போதுதான் வேலை முடிந்து வந்த புருஷனிடம் நாலு பிள்ளைகளையும் ஒப்படைத்துவிட்டுத் தொட்டிலக்கா பின்னாலேயே ஓடினாள். இரண்டாவது சங்கு ஊதியது. இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நர்சம்மா பொறுமையாகக் கேட்டாள். "இந்த மாதிரி நேரத்துல சின்னப் பிள்ளைக்கும் முன்னாடியே போடலாம். ஆனா, நோய் ஒட்டின மூணு நாளைக்குள்ள போட்டாத்தான் பலன் எதிர்பார்க்கலாம். அந்தப் பையன் எத்தனை நாளா சளியோட இருந்தான்?"

"நேத்தோட நாலு நாள்."

நர்சம்மா சுண்டெலியின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு, "போடறேன். பிள்ளையைப் பிடிங்க" என்றாள்.

"நேத்தே வந்திருந்தா?" என்று தொட்டிலக்கா கேட்டாள்.

"ஊசி பிடிச்சிருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம். யாராலயும் சொல்ல முடியாதும்மா."

தப்பு உன்மேல்தான் என்று சொல்லியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள். இல்லை என்றிருந்தால் நிம்மதியாகியிருப்பாள். இந்தப் பதில் தொண்டையில் முள்ளாகத் தங்கிவிட்டது.

சுண்டெலிக்குக் காய்ச்சல் வந்தது, திட்டுகள் வந்தன, பின்னால் மார்புச் சளி, இரண்டு காதிலும் சீழ். பெரிய ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாயோடு கிடந்தாள். தங்கை வீட்டில் துரையோ ஒரே வாரத்தில் எழுந்து கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டிருந்தான். தங்கை அவனுக்கு விட்டுப்போன ஊசிகளைப் போடத் தொடங்கி, அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். தொட்டிலக்கா அட்டையைப் பார்த்தாள். தங்கையின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை. அந்தத் தும்பை முதலில் விட்டது யார் என்று அவளுக்குத் தெரியும்.

தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனாள். பட்டன்காரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒரு நாள் மட்டும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். தொட்டிலக்கா உட்கார்ந்தாள். இருவரும் குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிள்ளை பிழைத்துவிட்டது. உடம்பு கொஞ்சம் தேறியதும் ஒரு காலையில் பட்டன்காரி மறுபடியும் வாசலில் வந்து நின்றாள்.

"இங்கயா கொண்டு வந்த?" என்றாள் தொட்டிலக்கா.

"வேற எங்க போறது? ஒரு நாள் மறைச்சீங்க, அதை மறக்க மாட்டேன். ஆனா நீங்களே வந்து சொன்னீங்க, சொந்தத் தங்கச்சின்னும் பாக்காம. இனிமே எதுவா இருந்தாலும் அப்பவே சொல்லிடுங்கக்கா."

தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். அந்த நேரம் பார்த்து முதல் சங்கு ஊதியது. நாலு தொட்டிலும் வீறிட்டன. சுண்டெலி அசையவில்லை. வாயைச் சப்பிக்கொண்டு தூங்கினாள்.

"பாத்தீங்களா?" பட்டன்காரி எத்தனையோ நாளுக்குப் பிறகு சிரித்தாள். "ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து ரொம்ப சமத்து. எந்தச் சத்தத்துக்கும் எழுந்திருக்கறதே இல்ல." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தொட்டிலக்கா தொட்டிலுக்குப் பக்கத்தில் போய்ச் சொடக்குப் போட்டாள். இந்தக் காதருகில், பிறகு அந்தக் காதருகில். பிள்ளை கண் விழித்தது, ஆனால் அது அவள் தொட்டிலைத் தொட்டு ஆட்டியதால்தான். பின்பக்கம் போய் நின்று மறுபடி சொடுக்கினாள். விரல் வலிக்கச் சொடுக்கினாள். சுண்டெலி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். புதிதாக முளைத்த ஒற்றைப் பல் தெரிந்தது.

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பட்டன்காரி பாதித் தெருவைத் தாண்டிவிட்டாள். கை வீசி நடந்தாள், நிம்மதியாக. இரண்டாவது சங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான். சாயங்காலம் சொன்னால் என்ன? இன்னும் ஒரே ஒரு பகல் அவள் சந்தோஷமாக இருக்கட்டுமே?

தொட்டிலக்கா பிள்ளையை வாரித் தோளில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு தெருவில் இறங்கிக் கத்தினாள்.

"நில்லும்மா! போகாத, நில்லு!"

பட்டன்காரி திரும்பினாள். தெருவில் போன அத்தனை பேரும் திரும்பினார்கள். தோளில் கிடந்த சுண்டெலி மட்டும் திரும்பவில்லை.