மணி அடித்தும் யாரும் வெளியே வரவில்லை

மதுரையில் ஒரு தீத்தடுப்பு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். கட்டடம் கட்டடமாகப் போய்த் தீ எச்சரிக்கை மணி அடிக்கிறதா, கூரையில் இருக்கும் தெளிப்பான்களுக்குத் தண்ணீர் வருகிறதா என்று சோதிக்க வேண்டும். திண்டுக்கல்லில் ஒரு கல்யாண மண்டபத்தைச் சோதித்த நாளைப் பற்றி நான் எழுதிக் கொடுத்ததை என் மேலதிகாரி இன்றுவரை முழுதாக நம்பவில்லை.

அன்று மாடியில் காதுகுத்து நடந்துகொண்டிருந்தது. இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

"விசேஷம் இல்லாத நாளே இங்க கெடையாது சார். நீங்க பாட்டுக்கு அடிங்க, மேல நான் சொல்லிக்கிறேன்" என்றார் பம்ப் ஆபரேட்டர். சேவுகம்பட்டிப் பக்கம் தக்காளி போட்டுக்கொண்டிருந்தவர். கிணறு வற்றியதும் இந்த மண்டபத்து பம்ப் அறைக்கு வந்துவிட்டார்.

வண்டிகள் நிறுத்தும் கீழ்த்தளத்தில் சோதனைக் குழாய் இருந்தது. அதைத் திறந்தால் குழாய்க்குள் தண்ணீர் ஓடும், உள்ளே இருக்கும் சின்னத் தகடு நகரும், மணி அடிக்கும். திறந்தேன். தண்ணீர் வந்தது, மணி அடிக்கவில்லை. கீழே வைத்திருந்த வாளியில் ஏதோ துள்ளியது. குனிந்து பார்த்தால் விரல் நீளத்துக்கு ஒரு மீன்.

நான் ஆபரேட்டரைப் பார்த்தேன். அவர் வாளியைப் பார்த்தார்.

"போன மாசம் கொசு ஒழிக்கிறவுக வந்தாக சார். தீயணைக்கிற தொட்டியில புழு நெளியுதுன்னு சத்தம் போட்டாக. மீன் விடச் சொன்னாக, விட்டேன்."

"இது ஜிலேபி மீன்ல?"

"அவுக குடுத்தது ஒண்ணுக்கும் ஆகாத பொடிசு. அதான் நானே ஜிலேபி வாங்கி விட்டேன். கொழம்பாச்சும் வைக்கலாம்ல."

பம்ப் தண்ணீரை இழுக்கும் இடத்தில் ஒரு சல்லடை இருந்திருக்க வேண்டும். அது எங்கே என்று கேட்டேன்.

"அதுல மாட்டி நாலு குஞ்சு செத்துப்போச்சு. பாவமா இருந்துச்சு, கழட்டிட்டேன்."

எனக்குக் கோபம் வர வேண்டிய இடம் அது. ஆனால் அவர் பேசிக்கொண்டே வாளியிலிருந்த மீனை ஒரு தண்ணீர் பாட்டிலுக்குள் பத்திரமாக விட்டுக்கொண்டிருந்தார். தண்ணீரை அடைத்துவிட்டுத் தகட்டைக் கழற்றினேன். அதன் இடுக்கில் இன்னொரு மீன் செத்துக் கிடந்தது. அதைப் போட்டோ பிடித்து, எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி மாட்டித் திறந்தேன். இந்த முறை மணி அலறியது. மாடியில் சொல்வதாகச் சொன்ன ஆபரேட்டர், மீன் கவலையில் சொல்லாமலே விட்டிருக்கிறார் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

சனம் படிக்கட்டில் முண்டியடித்து இறங்கப்போகிறது என்று பயந்து குழாயை அடைத்தேன். யாரும் இறங்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பட்டுவேட்டி கட்டிய ஒருவர் மட்டும் நிதானமாக வந்தார். பிள்ளையின் தாய்மாமன்.

"மணி அடிச்சது நீங்கதானா சார்?"

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"ஆசாரி ஊசியக் கொண்டு வரவும் மணி அடிக்கவும் சரியா இருந்துச்சு. பிள்ள சத்தம் வந்த பக்கம் பாத்துக்கிட்டே இருந்துருச்சு, அழுகவே இல்ல. இன்னொரு காது பாக்கி இருக்கு. நான் மேல போயிப் போன் அடிச்சதும் இன்னொருக்கா அடிப்பீகளா?"

இது தீ விபத்துக்கான மணி என்று சொன்னேன்.

"தெரியும் சார். தீதான் இல்லையே" என்றார்.

எப்படியும் இரண்டாவது முறை சோதித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நம்பரைக் கொடுத்தேன். போன் வந்தது. குழாயைத் திறந்தேன். ஆனால் இந்த முறை பிள்ளை ஏமாறவில்லை. மணியையும் மீறி அதன் அழுகை கீழ்த்தளம் வரை கேட்டது.

அறிக்கையில், மணி கேட்டதும் கட்டடத்தில் இருந்தவர்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு கேள்வி உண்டு. நடந்ததை அப்படியே எழுதினேன். மறுநாள் மேலதிகாரி போன் செய்து, "மணி அடிச்சா ஆளு வெளியே போகணும்யா. கீழ வந்து இன்னொருக்கா அடிக்கச் சொன்னாருன்னு எழுதியிருக்க?" என்றார்.

"அதான் சார் நடந்துச்சு" என்றேன்.

அந்த வரியை அடித்துவிடச் சொன்னார். மீனைப் பற்றி எழுதியதை மட்டும் விட்டுவைத்தார். அதற்குப் போட்டோ இருந்தது.