லூசி இரைச்சலை நிறுத்திய நாள்

என் கணவரின் கணினியை லூசி தூக்கியெறிந்துவிட்டார், அதனால் எங்களுக்குள் பேச்சில்லை என்று மலேசியாவின் பொந்தியானில் லூசியின் அடக்கத்தன்று சிலர் பேசிக்கொண்டார்கள். இரண்டும் தவறு. கணினி இன்னும் மூவாரில் என் வீட்டு அலமாரியில் இருக்கிறது. லூசி இறந்த செய்தியை அவர் மகன் டேனியல் தொலைபேசியில் சொன்னபோது, லூசி அமைத்துக்கொடுத்த பெட்டியில்தான் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தக் கை வரவில்லை.

லூசி என் கணவரின் தங்கை. சிங்கப்பூரில் கணினித் துறையில் வேலை செய்து ஓய்வுபெற்றவர். என் கணவர் தேவாலயப் பாடகர் குழுவை நடத்தியவர். இளவயதில் லூசியும் அதில் பாடினார். குழுவின் பழைய ஒலிநாடாக்களையெல்லாம் என் கணவர் கணினியில் ஏற்றி, எல்லா அறைகளிலும் கேட்கும்படி செய்திருந்தார். அவர் மறைந்தபின் கணினி அடிக்கடி சூடேறி அணைந்தது. அது போனால் அவர் குரலும் போய்விடும் என்று பயந்து, யாரையும் தொடவிடாமல் வைத்திருந்தேன்.

ஒருநாள் லூசி வந்து பார்த்தார். கான்வென்டில் கற்ற பின்னலில் நானே போட்ட லேஸ் விரிப்பு கணினியின் மேல் கிடந்தது.

“என்ன அண்ணி, இதுக்கு முக்காடு போட்டு வெச்சிருக்கீங்க? எப்படி மூச்சு விடும்?”

“தூசி படக்கூடாது.”

“தூசி படல லா. வெந்துகிட்டு இருக்கு.”

மறுவாரம், பாட்டுக்கென்றே செய்த சிறு பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். திரை இல்லை, விசிறி இல்லை, ஜெபப்புத்தகம் அளவுதான். “அண்ணன் வெச்ச வரிசை மாறாது. ஒரு பாட்டு குறைஞ்சாலும் என்னைய ஏசுங்க,” என்றார். எல்லாவற்றையும் பிரதி எடுத்து, ஒவ்வொன்றாகச் சரிபார்த்த பிறகே கணினியை அணைத்தார்.

எங்கள் கூடத்தில் அத்தனை காலமும் கணினியின் விசிறி இரைந்துகொண்டிருந்தது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த அமைதியில் புதுப் பெட்டியை லூசி ஓடவிட்டபோது, முதல் பாட்டுக்கு முன்னால், நான் அதுவரை கேட்டிராத ஒன்று கேட்டது. மிக மெல்லிய குரலில் என் கணவர்: “லூசி, சிரிக்காத.” ஓர் இளம்பெண் சிரிப்பை அடக்கும் சத்தம். பிறகு பாட்டு.

திருப்பலியில் மணியொலிக்கும் வேளையில் நிற்பதுபோல் நின்றேன். நரைத்த தலையோடு பக்கத்தில் நின்ற லூசி, “அலமாக், ஐயோ, அது நான்தான் அண்ணி,” என்றார். பாட்டு முடியும்வரை இருவரும் அசையவில்லை.

லூசி, இந்தப் பெட்டியின் மேல் நான் எதையும் போர்த்தவில்லை. நிம்மதியாகப் போய் வா.

டேனியல், முப்பதாம் நாள் திருப்பலியில் அந்தப் பாட்டை ஒலிக்கவிட நினைக்கிறேன். முன்னால் வரும் பேச்சையும் சிரிப்பையும் வெட்டிவிடலாம் என்று இப்போதைய பாடகர் குழுவினர் சொல்கிறார்கள். அந்தச் சிரிப்பு உன் அம்மா. வெட்டாமல் ஒலிக்க உனக்குச் சம்மதமா என்று எனக்கு எழுத்தில் பதில் அனுப்பு.