நாற்பத்திரண்டு புடவையும் ஒரு ஸ்டூலும்

முகையூர்ப் பக்கத்தில் ஒரு ஊர். மாதா தேருக்கு முன்னால் நடக்கும் பெண்கள் எல்லோரும் அங்கே ஒரே மாதிரிப் புடவை கட்டுவது வழக்கம். நிறத்தை மாதா எப்போதோ முடிவு செய்துவிட்டார், நீலம். விலையை முடிவு செய்பவர் சவுரியம்மாள்.

வயது ஐம்பத்தொன்று. நடவு, களையெடுப்பு, மல்லாட்டை என்கிற நிலக்கடலை பிடுங்குதல். அதெல்லாம் இல்லாத நாளில் நூறு நாள் வேலை. பேரத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. போன வருஷம் புடவைக்கு எழுபது ரூபாய் குறைத்ததோடு, இரண்டு பிளாஸ்டிக் குடத்தையும் ஓசியில் தூக்கி வந்தவர். கோயில் மணிக்குக் கயிறு வாங்குவதென்றாலும் பங்குச் சாமியார் அவரைத்தான் அனுப்புவார்.

இந்த வருஷம் நாற்பத்திரண்டு புடவை. பணம் கட்டிய அத்தனை பேரும் வேனில் ஏறிக்கொண்டார்கள். சவுரியம்மாள் மேல் சந்தேகம் எல்லாம் இல்லை. விழுப்புரம் பார்த்த மாதிரியும் இருக்குமே. பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் துணிக்கடை. பெயர் வேண்டாம், முதலாளி தென்னரசு பிழைத்துப் போகட்டும்.

முன்வரிசைப் பெண்களுக்கு உட்கார ஸ்டூல் போட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற நான்கு கடைப் பெண்களில் அம்சா என்பவள் புடவைகளை விரித்துப் போட்டாள். பதினோராவது புடவை வரும்போது சவுரியம்மாள் துணியைப் பார்ப்பதை விட்டுவிட்டார். அம்சா ஒரு காலை மெல்லத் தூக்குவதும், அதை வைத்துவிட்டு மறுகாலைத் தூக்குவதுமாக இருந்தாள், சேற்றில் நிற்கும் கொக்கு மாதிரி.

"எப்பத்திலிருந்து நின்னுக்கினு கீற பாப்பா?"

"ஒன்பது மணியிலேர்ந்துங்க அத்தை."

"எப்ப ஒக்காருவ?"

"வூட்டுக்குப் போயிங்க."

கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை தர வேண்டும் என்று சட்டம் வந்து சில வருஷம் ஆகிறது. சட்டம் எங்கோ சௌகரியமாக உட்கார்ந்திருந்தது.

சவுரியம்மாள் குரலை உயர்த்தினார். "மொதலாளி, இந்தப் புள்ளைங்கள ஒக்கார வையி. அப்பால பொடவ பாக்கறோம்."

தென்னரசு இருபது வருஷமாக வியாபாரம் பண்ணுகிறவர். எல்லாவிதமான பேரமும் பார்த்தவர். இது புது மாதிரி என்று ரசித்தார். "அறநூத்தி இருவது சொன்னேன். உங்களுக்காக ஐந்நூத்தி தொண்ணூறு."

"நான் வெலையப் பேசல."

"ஐந்நூத்தி அறுவது. போதுமாக்கா?"

"ஸ்டூலப் போடுன்றேன்."

"சரி, ஐந்நூத்தி நாப்பது. இதுக்கு மேல கேட்டா கடைய மூடிட்டு நானும் உங்ககூட வேன்ல ஏறிக்கறேன்."

ஓரகத்தி ஆரோக்கியசெல்வி பின்னாலிருந்து சவுரியம்மாளின் இடுப்பைக் கிள்ளினாள். "யக்கா, ஸ்டூலு ஸ்டூலுன்னே சொல்லிக்கினு இரு. ஐந்நூறுக்கு வந்துருவான்."

அம்சாவுக்கோ கண் கலங்கிவிட்டது. "வேணாம் அத்தை. நீங்க போயிடுவீங்க. நாளைக்கு என்னத்தான் வெளிய அனுப்புவாரு."

அந்த ஒரு பேச்சில் சவுரியம்மாள் கொஞ்சம் தடுமாறினார். தேருக்கு இன்னும் ஒன்பது நாள். கடையை விட்டு இறங்கினால் இந்தப் பெண் பேரில் பழி விழும். புடவையை மட்டும் வாங்கிக்கொண்டு போனால் நாளைக்கும் கொக்குதான்.

"மொதலாளி, இந்தப் பாப்பா ஒண்ணும் கேக்கல. நாங்க நாப்பத்திரண்டு பேரு கேக்கறோம். ஐந்நூத்தி நாப்பதுன்னியே, அத அறுவதாவே போடு. அந்த இருவது இருவதுல எல்லாப் புள்ளைங்களுக்கும் ஸ்டூலு வாங்கு."

குறைத்த விலையைத் திரும்ப ஏற்றிய வாடிக்கையாளரைத் தென்னரசு அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தார். ஊர்ப் பெண்களும்தான்.

"வெயிலு மண்டைக்கு ஏறிடுச்சா ஒனக்கு?" ஆரோக்கியசெல்வி கத்தினாள். "என் இருவது ரூபாய எடுத்து தானம் பண்ண நீ யாரு?"

"போன நடவுல, டீக்குக் கரையேறாதீங்க, வேல கெடுதுன்னு நெலத்துக்காரன் சொன்னான். நீ என்னாடி பண்ண?"

ஆரோக்கியசெல்வி குரலை இறக்கினாள். "நாத்துக் கட்ட அப்படியே சேத்துல போட்டுட்டு வந்து வரப்புல குந்திக்கினேன்."

"அப்புறம்?"

ஆரோக்கியசெல்வி முணுமுணுத்துக்கொண்டே எழுந்து, தான் உட்கார்ந்திருந்த ஸ்டூலைத் தூக்கி மேசைக்கு மேலே அந்தப் பக்கம் கொடுத்தாள். முன்வரிசை முழுக்க எழுந்து நின்றது. வாசல் வரைக்கும் அடைத்துக்கொண்டு நாற்பத்திரண்டு பேர். வெளியே இரண்டு கல்யாணப் பார்ட்டி உள்ளே வர வழியில்லாமல் எட்டிப் பார்த்தது.

தென்னரசு வாசலைப் பார்த்தார். "ஒக்காரும்மா அம்சா. யாரு ஒக்கார வேணாம்னா?" என்றார், இத்தனை வருஷமும் அவள்தான் பிடிவாதமாக நின்றதுபோல.

அம்சா ஸ்டூலின் நுனியில், டிக்கெட் எடுக்காமல் பஸ்ஸில் உட்கார்ந்தவள் மாதிரி உட்கார்ந்தாள். பில் ஐந்நூற்று அறுபதுக்கே போட்டார்கள். திரும்பும் வழியெல்லாம் சவுரியம்மாளுக்கு வேனில் ஏச்சு. பேரத்துக்கு இனி வேறு ஆள் பார்க்கலாம் என்றுகூட ஒரு பேச்சு எழுந்தது.

தேர் முடிந்த மறுவாரம் அவர் தனியாக அந்தக் கடைக்குப் போனார். மேசைக்குப் பின்னால் புது ஸ்டூல்கள் நான்கு. மூன்றில் பெண்கள். நாலாவதில் புடவைக் கட்டு. பக்கத்தில் அம்சா நின்றுகொண்டிருந்தாள்.

சவுரியம்மாள் உள்ளே புகுந்து, கட்டைத் தூக்கித் தரையில் வைத்தார்.

"என்னாக்கா எடுக்கப் போறீங்க?" என்றார் தென்னரசு, அவசரமாக எழுந்து.

"இன்னிக்கு ஒண்ணும் இல்ல. கிறிஸ்மசுக்கும் நாப்பத்திரண்டு பொடவ கீது. எந்தக் கடைன்னு பாத்துக்கினு இருக்கேன்."