பதினோரு அங்குல டேலியா

டெல்லிக்கு வந்து பன்னிரண்டு வருஷம் மாடி வீடுகளிலேயே காலம் தள்ளிய இந்திராணிக்கு, 1976-இல்தான் மண்ணை மிதிக்கிற மாதிரி ஒரு வீடு கிடைத்தது. கணவர் பரமசிவத்துக்கு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை. லக்ஷ்மிபாய் நகரில் கீழ்த்தள குவார்ட்டர்ஸ் ஒதுக்கினார்கள். வாசலுக்கு முன்னால் இரண்டு கட்டில் போடுகிற அளவுக்கு இடம். தோண்டினால் செங்கல் துண்டும் அடுப்புக் கரிச் சாம்பலும்தான் வந்தன.

அந்தக் குளிர்காலத்தில் சைக்கிளில் நாற்று விற்றுவந்த தோட்டக்காரனிடம் அவள் சாமந்தி கேட்டாள். அவன் பெயர் தெரியாத ஒரு செடியைக் கையில் திணித்து, "லகா கே தேக்கோ, பெஹன்ஜி" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான். நட்டுத்தான் பார்ப்போமே என்று நட்டாள். பிப்ரவரியில் ஒருநாள் காலை கதவைத் திறந்தவள் போட்ட சத்தத்தில், சவரம் செய்துகொண்டிருந்த பரமசிவம் சோப்பு நுரையோடு ஓடி வந்தார்.

"ஏனுங்க, இங்க பாருங்க! தட்டத்தனை பெருசுங்க!"

கருஞ்சிவப்பில் ஒரு டேலியா. அன்றைக்கு அவருடைய டிபன் டப்பாவில் ரசம் சாதமும் இல்லை, தயிர் சாதமும் இல்லை. சமைக்கவே மறந்துபோயிருந்தாள்.

அதற்குப் பிறகு இந்திராணியைப் பிடித்து நிறுத்த முடியவில்லை. செடிக்கு உரமாகக் கடுகுப் புண்ணாக்கை வாளியில் ஊறப்போட்டாள். நாற்றம் தாங்காமல் மாடி வீட்டு ராஜம் ஜன்னலைப் படாரென்று சாத்துவாள். தஞ்சாவூர்க்காரியான ராஜத்துக்கு இந்தப் பூவின் மேலேயே நம்பிக்கை இல்லை. "தலையில வெச்சுக்க முடியாது, சாமிக்கும் போட முடியாது. எதுக்கு இந்தப் பாடு?" என்பாள்.

"பாக்கறதுக்குத்தானுங்க" என்பாள் இந்திராணி.

பூ பெரிதாக வரவேண்டுமானால் நடுமொட்டு ஒன்றை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் கிள்ள வேண்டும் என்று அந்தத் தோட்டக்காரன் அடுத்த தடவை வந்தபோது சொல்லிக் கொடுத்திருந்தான். முதல் வருஷம் அவளுக்குக் கை வரவில்லை. நல்ல மொட்டை எப்படிக் கிள்ளுவது? இரண்டாம் வருஷம் கண்ணை மூடிக்கொண்டு கிள்ளினாள். கிள்ளும்போது தன் நாளையே யோசித்துக்கொண்டாள். பால் டிப்போ வரிசை, மண்ணெண்ணெய் வரிசை, துவைத்தது, மடித்தது என்று ஒவ்வொரு வேலையும் அவளை ஒவ்வொரு பக்கம் இழுத்தது. அதிலிருந்து அரைமணி நேரத்தைக் கிள்ளியெடுத்து இந்தச் செடிகளோடு உட்கார்ந்தால் என்ன குடி முழுகிவிட்டது? துணி சாயங்காலம் மடித்தாலும் மடிந்தது. பூ அப்படிக் காத்திருக்காது.

1979 பிப்ரவரியில் காலனிப் பூங்காவில் பூக் கண்காட்சி வைப்பதாகச் சொன்னார்கள். தொட்டியில் வளர்த்திருந்த ஒரு டேலியாவை அவள் அதற்கென்றே காபந்து பண்ணிவந்தாள். ஞாயிற்றுக்கிழமை கண்காட்சி. சனிக்கிழமை மத்தியானம் பூ முக்கால்வாசி விரிந்திருந்தது.

மூன்று மணிக்கு வானம் இருட்டிக்கொண்டு வந்தது. முதலில் ஜன்னல் மறைப்புத் தகரத்தில் டொக்கென்று ஒரு சத்தம். அடுத்த நிமிஷம் ஆலங்கட்டி கோலிக்குண்டு கோலிக்குண்டாகக் கொட்டியது.

"ஐயோ, பூவு!" இந்திராணி செருப்புக்கூடப் போடாமல் பாய்ந்தாள். தொட்டியைத் தூக்கப் பார்த்தாள், அசையவில்லை. அதன் மேல் குனிந்து முதுகைக் கொடுத்தாள். கட்டிகள் முதுகில் சுளீர் சுளீரென்று விழுந்தன.

இரண்டாம் சனி விடுமுறையில் தூங்கிக்கொண்டிருந்த பரமசிவம் எழுந்து ஓடி வந்தார். "ஏம்புள்ள, உனக்குப் பைத்தியமா? உள்ள வா!"

"கட்டிலைக் கொண்டாங்க! ஜல்தி!"

அவர் கயிற்றுக் கட்டிலை இழுத்துவந்து தலைக்கு மேல் பிடித்தார். கயிற்றுச் சந்துகளில் கட்டிகள் புகுந்து விழுந்தன. அப்போது மாடிப்படியில் தடதடவென்று சத்தம். ராஜம்! கையில் அந்தக் குளிருக்கென்று வாங்கிய புத்தம்புது ரஜாய். "பிடிங்கோ, பிடிங்கோ!" என்று கத்திக்கொண்டே அந்தப் பஞ்சு மெத்தைப் போர்வையைக் கட்டிலின் மேல் விசிறிப் போட்டாள். பிறகு அவளும் அடியில் நுழைந்து கட்டிலின் ஒரு காலைப் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் ஒரு பூவைச் சுற்றிக் கூனிக் குறுகி நின்றதை நினைத்து முதலில் சிரித்தவள் ராஜம்தான். பிறகு மூவருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மழை விட்டபோது தரையிலிருந்த செடிகளெல்லாம் துவம்சம். தொட்டிச் செடியின் நாலைந்து இலைகளில் ஓட்டை. பூவில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை!

மறுநாள் காலை சைக்கிள் ரிக்ஷாவில் தொட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாள். பள்ளம் வரும்போதெல்லாம், "தீரே பையா, தீரே!" என்று மெதுவாகப் போகச் சொல்லிக் கெஞ்சினாள். கண்காட்சி மேஜையில் இருந்தவர் வீட்டுக்காரர் பெயரைக் கேட்டு, 'ஸ்ரீமதி பரமசிவம்' என்று எழுத ஆரம்பித்தார்.

இந்திராணி அட்டையின் மேல் கை வைத்து, தன் பெயரையே எழுதச் சொன்னாள். "நஹீ ஜி. இந்திராணி லிக்கியே."

அவர் நிமிர்ந்து, கூட வந்திருந்த பரமசிவத்தைப் பார்த்தார். "அவ சொல்றதுதாங்க சரி. நான் ஒருநாள் தண்ணிகூட ஊத்துனதில்ல" என்று தமிழிலேயே சொல்லிவிட்டு, பிறகுதான் நினைவு வந்து இந்தியில் சொன்னார் பரமசிவம்.

நடுவர் அளவு நாடா வைத்துப் பார்த்தார். பதினோரு அங்குலம். அங்கே வந்திருந்ததிலேயே பெரிய பூ. இலை ஓட்டைகளுக்காக மதிப்பெண் குறைத்து இரண்டாம் பரிசு கொடுத்தார்கள். பஸ் போர்டுகளைப் பார்த்து இந்தி எழுத்துப் பழகியவள் இந்திராணி. அட்டையின் முன்னால் நின்று தன் பெயரை எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். பின்னால் வந்தவர்களுக்கு வழிவிட ஒதுங்கி, மறுபடி வந்து படித்தாள்.

ஏப்ரலில் செடி காய்ந்ததும் கிழங்கைத் தோண்டினாள். ஒரு கிழங்கு நட்ட இடத்தில் ஏழு இருந்தன. வெயில் காலம் முழுக்க மணலில் போட்டுக் காப்பாற்றினால் ஏழும் செடியாகும். மணல் பெட்டியை மூடும்போது ராஜம் படியில் வந்து நின்றாள்.

"இந்திராணி, எனக்கு ஒண்ணு குடேன். பால்கனில வெச்சுப் பாக்கறேன்."

"ரண்டா எடுத்துக்குங்க" என்றாள் இந்திராணி. "ஆனா புண்ணாக்கு வாளியும் உங்க வீட்லதான்!"